பழைய கார்புரேட்டர் மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்ற முடியுமா?

முடியும். காற்றால் குளிரும் 350 சிசி ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை நானே வீட்டில் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எந்த இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் மின் வால்வு) வாங்குவது, எந்த இசியு (அந்த வால்வை எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்று தீர்மானிக்கும் சிறு கணினி) வாங்குவது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அவை இரண்டும் பின்னால் முடிவு செய்ய வேண்டியவை. கார்புரேட்டர் தன் வழியாகப் போகும் காற்றைத் தானே உணர்ந்து பெட்ரோலைத் தானே அளந்து விடுகிறது. இசியுவுக்கு அந்த உணர்வு கிடையாது. சென்சார்கள் என்ன சொல்கின்றனவோ அதை நம்பிக் கணக்குப் போடுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே மின்சாரம், பெட்ரோல் அழுத்தம், கிராங்க் சிக்னல் (எஞ்சினின் சுழல்தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் துடிப்பு) ஆகிய மூன்றும் நிலையாக இருந்தால் சாதாரண இசியு கூட நன்றாக ஓட்டும். இவற்றில் ஒன்று ஆட்டம் கண்டாலும் மிக உயர்ந்த இசியுவால் எதுவும் செய்ய முடியாது.

பவர் கூடும் என்ற எதிர்பார்ப்போடு இறங்க வேண்டாம். ஜெட்டும் ஊசியும் சரியாக அமைந்த கார்புரேட்டர் முழு த்ராட்டிலில் தரும் பவருக்கும் இன்ஜெக்‌ஷன் தரும் பவருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆதாயமெல்லாம் வேறு இடங்களில் இருக்கிறது: குளிர்ந்த எஞ்சின் சோக் இல்லாமல் பிடிக்கும், பாதி த்ராட்டிலில் ஓட்டம் சீராகும், மலையேறும்போது கலவை கெடாது. கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 11 விழுக்காடு குறைகிறது. கார்புரேட்டர் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை என்பதால்தான் மேலே போகப் போகப் பிளக் கறுத்துப்போகிறது. தொழில்நுட்பமும் ஒன்றும் புதிதல்ல. கவாசாகி 1980-லேயே இசட்1000 எச் வண்டியில் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்துவிட்டது, பி.எம்.டபிள்யூவின் கே100 வண்டி 1983-இல் அதே வழியில் வந்தது.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம், ஏனெனில் பல பழைய வண்டிகளில் இந்த வேலை நின்றுபோவது இங்கேதான். பழைய வண்டியின் மேக்னட் காயில் ஒரு முகப்பு விளக்கையும் ஒரு ஹாரனையும் மனத்தில் வைத்துச் சுற்றப்பட்டது. இன்ஜெக்‌ஷன் வந்தால் பம்ப் மட்டுமே 2 முதல் 5 ஆம்பியர் வரை இடைவிடாமல் கேட்கும். அதன் மேல் இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், இசியு, ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் எல்லாம் சேரும். 12 வோல்ட்டில் 70 வாட் வரை புதிய சுமை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. 6 வோல்ட் வண்டியாக இருந்தால் காயிலும் ரெகுலேட்டரும் மாறியே தீர வேண்டும். 12 வோல்ட் வண்டியிலும் விளக்குக்கு நேரடியாக ஏசி மின்சாரம் போகும் அமைப்பு இருந்தால், காயிலின் ஒரு முனையைப் பாடி எர்த்திலிருந்து விடுவித்து, முழு அலையையும் டிசியாக மாற்றும் ரெகுலேட்டரைப் பொருத்த வேண்டும். 60 வாட் பல்பை எல்இடியாக மாற்றினால் கிடைக்கும் மிச்சம் பம்புக்குப் பெரும்பாலும் போதும்.

இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. இன்ஜெக்டருக்கு மின்சாரம் போன கணத்தில் அது திறந்துவிடுவதில்லை. 14 வோல்ட்டில் ஏறக்குறைய 1 மில்லி விநாடி தாமதித்துத்தான் பெட்ரோல் பாயத் தொடங்கும், வோல்ட்டேஜ் குறையக் குறைய அந்தத் தாமதம் நீளும். ஐடிலில், அதாவது த்ராட்டில் திருகாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, இன்ஜெக்டருக்கு மின்சாரம் கொடுக்கப்படும் நேரமே மொத்தம் 2 அல்லது 3 மில்லி விநாடிதான். ஆகவே தாமதம் அரை மில்லி விநாடி கூடினாலே கால் பங்கு பெட்ரோலோ அதற்கு மேலோ குறைந்துபோகும். பெட்ரோல் குறைந்தால் ஐடில் இறங்கும், ஐடில் இறங்கினால் காயில் தரும் மின்சாரம் குறையும், அது குறைந்தால் வோல்ட்டேஜ் இன்னும் விழும், கடைசியில் சிக்னலில் நிற்கும்போது வண்டி அணைந்துவிடும். கலவைதான் தவறு என்று நினைத்துக் கணினியில் எண்களை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர். அவர்கள் முதலில் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். எல்லா விளக்குகளும் எரிய, பம்பும் ஓட, ஐடிலில் பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். வோல்ட்டேஜுக்கு ஏற்பத் தாமதத்தைத் திருத்தும் அட்டவணை எல்லா இசியுவிலும் இருக்கும். அதை வெறுமனே விட்டுவிடாமல் இன்ஜெக்டரின் உண்மையான மதிப்புகளை நிரப்ப வேண்டும். பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் பம்ப் ஓடாது என்பதால், உதைத்துக் கிளப்பும் வசதியை நம்பியும் பயனில்லை என்பதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து பெட்ரோல். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தன் எடையால் இறங்கி வருகிறது. 30 சென்டிமீட்டர் உயரத்துப் பெட்ரோல் தரும் அழுத்தம் 0.02 பார் அளவுதான். இன்ஜெக்டருக்கோ 2.5 முதல் 3 பார் வரை வேண்டும், அதாவது நூறு மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் ஒரு சிறு கசிவு சொட்டாக விழாது. சூடான சிலிண்டரின் மேல் பீய்ச்சி அடிக்கும். ஆகவே இன்ஜெக்‌ஷனுக்கென்றே தயாரிக்கப்பட்ட அழுத்தம் தாங்கும் ஹோஸும், ஹோஸை அறுக்காமல் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும் கிளாம்பும் மட்டுமே போட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பம்பை டேங்குக்குள் வைப்பதா, வெளியில் வைப்பதா என்ற கேள்வி எழும். உள்ளே வைத்தால் பெட்ரோலே அதைக் குளிர்விக்கும், சத்தமும் குறையும். ஆனால் டேங்கின் அடியில் துளை வெட்டி வளையம் வெல்டு செய்ய வேண்டும். பெட்ரோல் ஊற்றிவைத்த டேங்க், காலியாக இருந்தாலும் ஆவியால் வெடிக்கக்கூடியது. அதை முறையாகக் கழுவி, ஆவியை முழுவதும் வெளியேற்றி வெல்டு செய்யும் பழக்கம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய வேலைகளின் பட்டியலில் இது இல்லை. நான் வெளிப் பம்பையே தேர்ந்தெடுத்தேன். இந்த வகைப் பம்புகள் நன்றாகத் தள்ளும், ஆனால் இழுப்பதில் பலவீனமானவை. டேங்கின் மட்டத்துக்குக் கீழே, பெட்ரோல் தானாக வந்து நிரம்பும் இடத்தில் பொருத்த வேண்டும். பழைய பெட்ரோல் காக்கின் துளை மிகச் சிறியதாக இருந்தால் பம்ப் பட்டினி கிடந்து குமிழி போடும். பெரிய துளையுள்ள காக்காக மாற்றுங்கள். பெட்ரோல் அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் ரெகுலேட்டர் (இது மின்சார ரெகுலேட்டர் அல்ல) திருப்பி அனுப்பும் மிச்சப் பெட்ரோல் டேங்குக்குள் போக இன்னொரு வழியும் வேண்டும். என் வண்டியின் டேங்கில் இரண்டு பக்கமும் காக் இருந்ததால், ஒரு பக்கத்தை வருகைக்கும் மறு பக்கத்தைத் திரும்பலுக்கும் வைத்துக்கொண்டேன். பழைய டேங்கின் துரு கார்புரேட்டரில் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும், இன்ஜெக்டரிலோ அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். எனவே பம்புக்கு முன்னால் ஒரு கண்ணி வடிகட்டியும், பின்னால் 10 மைக்ரான் அளவுள்ள அழுத்த வடிகட்டியும் தேவை.

பம்பின் ரிலேயை நேரடியாகச் சாவியோடு இணைக்காதீர்கள். சாவி போட்டவுடன் ஓரிரு விநாடி ஓடி அழுத்தம் ஏற்றிவிட்டு நிற்பதும், எஞ்சின் சுற்றும்போது மட்டும் தொடர்ந்து ஓடுவதும் இசியுவின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வண்டி சாய்ந்து விழுந்தால் பம்பை நிறுத்தும் சென்சாரையும் அதே ரிலேயின் வழியில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கிராங்க் சிக்னல். பழைய வண்டியில் பாயின்ட்டோ பிக்கப் காயிலோ ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு மட்டுமே தரும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் அதை வைத்து, இடைப்பட்ட நேரத்தில் கிராங்க் எங்கே இருக்கிறது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். ஒற்றைச் சிலிண்டரில் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் கிராங்க் தயங்குவதும் பவர் ஸ்ட்ரோக்கில் பாய்வதும் ஒரே சுற்றுக்குள் நடப்பதால், குறிப்பாகக் கிளப்பும் நேரத்தில், ஊகம் தவறிவிடும். ஆகவே ஒரு பல் விடுபட்ட பல்சக்கரம் ஒன்றைக் கிராங்கில் பொருத்துவது நல்லது; பற்களை எண்ணி, விடுபட்ட இடத்தை அடையாளமாக வைத்து இசியு கிராங்கின் நிலையை அறிந்துகொள்ளும். காரில் வழக்கமான 36 பல் சக்கரம் சிறிய விட்டத்தில் மிக நெருக்கமாகிவிடும். 12 அல்லது 24 இடங்களில் ஒன்றை விட்டுவிடும் சக்கரம் மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தும். காந்தக் காயில் வகை சென்சார் மெதுவாகச் சுற்றும்போது மிகக் குறைந்த வோல்ட்டேஜ்தான் தரும் என்பதால், உதைத்துக் கிளப்பும் வண்டிக்கு, வேகம் எவ்வளவு குறைந்தாலும் ஒரே அளவு சிக்னல் தரும் ஹால் வகை சென்சாரையே நான் பரிந்துரைப்பேன். சென்சாருக்கும் பல்லுக்கும் இடையிலான இடைவெளி 1 மில்லிமீட்டர் அளவில் இருக்க, சக்கரம் ஆடாமல் சுற்ற வேண்டும். பிளக்கும் பிளக் கேப்பும் ரெசிஸ்டர் உள்ளவையாக மாற வேண்டும், சென்சாரின் வயர் கவசம் போட்டதாக இருக்க வேண்டும், சென்சார்களின் எர்த் பாடியில் சேராமல் இசியுவுக்கே திரும்ப வேண்டும். இவற்றில் எதை விட்டாலும் இசியு ஒவ்வொரு ஸ்பார்க்கையும் ஒரு பல்லாக எண்ணிக் கணக்கைத் தவறவிடும்.

இவை தீர்ந்த பிறகு இன்ஜெக்டரின் அளவைக் கணக்கிடலாம். இதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். 350 சிசி சிலிண்டர் முழுவதும் நிரம்பினால் 0.42 கிராம் காற்று. முழு த்ராட்டிலில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் 12.8:1 விகிதம் வேண்டுமென்றால், ஒரு பவர் ஸ்ட்ரோக்குக்கு 0.033 கிராம், அதாவது 0.044 சிசி பெட்ரோல். நிமிடத்துக்கு 200 சிசி பாய்ச்சும் இன்ஜெக்டர் அதைக் கொடுக்க 13 மில்லி விநாடி சொச்சம் ஆகும், திறக்கும் தாமதத்தோடு 14 என்று கொள்ளலாம். 6000 ஆர்பிஎம்மில் இரண்டு சுற்றுக்கு 20 மில்லி விநாடிதான் இருக்கிறது. எழுபது விழுக்காடு நேரம் திறந்திருக்கிறது, சரியான அளவு. நிமிடத்துக்கு 150 சிசி பாய்ச்சும் இன்ஜெக்டர் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும், 400 சிசி இன்ஜெக்டரோ ஐடிலில் நுணுக்கமாக அளக்க முடியாமல் திணறும். த்ராட்டில் பாடியை ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள, இன்ஜெக்‌ஷனோடு வந்த வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டால் சென்சார்கள் பெரும்பாலும் அதிலேயே சேர்ந்து வரும்.

அதே வண்டியின் இசியுவையும் எடுத்துப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதன் அட்டவணைகள் அந்த எஞ்சினுக்காக எழுதப்பட்டுப் பூட்டப்பட்டவை. உங்கள் எஞ்சினுக்கு ஏற்ப மாற்ற வழி இருப்பது அரிது. ஆர்டுயினோ மெகா பலகையின் மேல் கட்டப்பட்ட, எல்லா வரைபடங்களும் திறந்து கிடக்கும் ஸ்பீடுயினோவும், ஆயத்தப் பெட்டியாக வரும் மைக்ரோஸ்குவர்ட்டும் இந்த வேலைக்கு ஏற்றவை. இரண்டுக்கும் ட்யூனர்ஸ்டுடியோ என்ற மென்பொருள் பயன்படும்.

எஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது என்பதை இசியு பெரும்பாலும் இன்டேக் குழாயின் அழுத்தத்தை வைத்துக் கணிக்கும். ஆனால் ஒற்றைச் சிலிண்டரில் இன்டேக் அழுத்தம் ஒரு நிலையான எண்ணாக இருக்காது. இன்டேக் ஸ்ட்ரோக்கில் சரிந்து மற்ற நேரத்தில் வெளி அழுத்தத்துக்குத் திரும்பிவிடும். கண்ட நேரத்தில் அளந்தால் எண்கள் குதிக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் காணப்படும் மிகக் குறைந்த அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி இசியுவை அமைக்கலாம், அல்லது த்ராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் மட்டும் வைத்து ஓட்டலாம். நான் முதல் வழியில் இருக்கிறேன்; ஐடிலும் மென்மையான ஓட்டமும் அதில்தான் நன்றாக வருகின்றன.

ட்யூனிங்குக்கு, கலவையின் விகிதத்தை எண்ணாகவே அளந்து காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இன்றியமையாதது. சாதாரண நேரோபேண்ட் சென்சார் 14.7:1 என்ற ஒரே புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும். முழுச் சுமையில் எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் அந்த 14.7 என்ற எண்ணே கீழிறங்கும் என்பதால், விகிதத்துக்குப் பதில் லாம்டா மதிப்பில் (பெட்ரோல் முழுவதும் எரியத் தேவையான காற்று சரியாக இருந்தால் 1, பெட்ரோல் அதிகமானால் 1-க்குக் கீழே) வேலை செய்வது குழப்பத்தைத் தவிர்க்கும். சென்சாரைச் சைலன்சர் குழாயின் மேல் பக்கத்தில் சாய்வாகப் பொருத்துங்கள், தண்ணீர் தேங்காது. குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவை மெலிந்துவிட்டதாகச் சென்சார் பொய் சொல்லும்.

வரிசையும் முக்கியம். ஸ்பார்க் நேரத்தைப் பழைய இக்னிஷனிடமே விட்டுவிட்டு முதலில் பெட்ரோலை மட்டும் இசியுவிடம் கொடுங்கள். சூடான எஞ்சினின் ஐடில், பிறகு சீரான வேகம், பிறகு சுமை, பிறகு திடீரென்று த்ராட்டில் திருகும்போது தேவைப்படும் கூடுதல் பெட்ரோல் என்று போக வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினில் முழுச் சுமையில் லாம்டாவை 0.87 அளவிலேயே வைத்திருங்கள். மைலேஜுக்காக அங்கே மெலியச் செய்தால் பிஸ்டன் தாங்காது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் எண்களைக் கடைசியில் வைத்துக்கொள்வதற்குக் காரணம், முழுவதும் குளிர்ந்த எஞ்சின் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் சோதனைக்குக் கிடைக்கும்; அதற்குப் பல நாள் பொறுமை வேண்டும். ஓட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள். பதிவு செய்துகொண்டு, வண்டியை நிறுத்திய பிறகு பார்த்துத் திருத்துங்கள்.

எஞ்சினில் இப்படி மாற்றம் செய்வதை உங்கள் பகுதியின் வாகனப் பதிவு விதிகளும் புகைச் சோதனை விதிகளும் அனுமதிக்கின்றனவா என்பதைப் பொருள் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கும் இதைச் செய்யலாமா என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். முதல் முயற்சிக்கு வேண்டாம். அதன் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று தங்குகிறது என்பதை இன்டேக் அழுத்தத்தைவிட சைலன்சரில் ஓடும் அழுத்த அலையே தீர்மானிக்கிறது. எரியாமல் வெளியேறும் காற்று ஆக்சிஜன் சென்சாரின் அளவீட்டையும் கெடுத்துவிடும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் வண்டியாக இருந்தால், கலவை மெலியும் ஒவ்வொரு முறையும் கிராங்க் பேரிங்குக்குப் போகும் ஆயிலும் சேர்ந்தே குறையும்.