ஓடை நன்றாக இருக்கிறதா? கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

நகரத்துக்குள் ஓடும் ஓடைகளில் வலையும் தட்டுமாக இறங்கி மாதிரி எடுப்பது என் வேலை. கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: சார், எங்கள் ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நல்ல ஓடைதானே?

தெளிவை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அமோனியா, பூச்சிக்கொல்லி, கரைந்த உலோகம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு புழுகூட வாழ முடியாத தண்ணீரும் பளிச்சென்றுதான் இருக்கும்.

கே: கிட் வாங்கிக் கரைந்த ஆக்சிஜன் பார்த்தேன், லிட்டருக்கு 11 மில்லிகிராம்! தண்ணீர் 28 டிகிரி. சந்தோஷப்படலாமா?

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? மதியத்துக்கு மேல்தான் இருக்கும், பந்தயமே கட்டுவேன். 28 டிகிரியில் தண்ணீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியது 7.8 அளவுக்குத்தான், மிச்சமெல்லாம் பாசி வெயிலில் விட்டது. இருட்டியதும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், ஆனால் பாசி சுவாசிப்பது நிற்காது, பகலில் கொடுத்ததை ராத்திரி அதுவே இழுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்னால் போய் அதே இடத்தில் அளந்து பாருங்கள். 5-க்குக் கீழே போனால் பல மீன்களுக்குத் திணறல், 2-க்குக் கீழே பெரும்பாலானவை தாங்காது. மதிய அளவுக்கும் விடியற்கால அளவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் கழிவுநீரோ உரமோ வந்து பாசிக்குத் தீனி போடுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

கே: பூச்சிகளை எண்ணி ஓடையின் ஆரோக்கியத்தைச் சொல்ல முடியும் என்கிறார்களே, கொஞ்சம் ஓவராக இல்லையா?

இல்லை, எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். தண்ணீரை எடுத்துச் சோதித்தால் அது அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்லும். ராத்திரி யாராவது லாரியில் கொண்டுவந்து கொட்டியிருந்தால் காலையில் அது ஓடிப் போயிருக்கும். கல்லுக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும் இளம்பூச்சி எங்கேயும் ஓட முடியாது, நடந்த எல்லாவற்றையும் பட்டுத்தான் தீர வேண்டும்.

செய்வது சுலபம். ஓட்டம் வரும் பக்கம் பார்த்து வலையின் வாயைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் அடித்தரையைக் காலால் கிளற வேண்டும், மொத்தம் 3 நிமிஷம் போதும். பிடித்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, பொறுமையாக நில்லுங்கள். முதலில் வெறும் குப்பைதான் தெரியும். ஒரு நிமிஷம் கழித்துக் குப்பை நகர ஆரம்பிக்கும். வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் படபடக்க, பெரும்பாலும் மூன்று வாலோடு இருந்தால் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம். இரண்டே வால் என்றால் ஸ்டோன்ஃப்ளையாக இருக்கலாம். மணலை ஒட்டிச் செய்த குழாய் ஒன்று தானாக நடந்தால் உள்ளே கேடிஸ்ஃப்ளை புழு இருக்கிறது. இந்த மூன்று கூட்டமும் விதவிதமாக இருந்தால் நல்ல சேதி. மாறாகத் தட்டு முழுக்கச் சிவப்புப் புழு நெளிந்தால் கவலைப்படுங்கள். அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு ஹீமோகுளோபின்தான், ஆக்சிஜன் குறைந்த சேற்றில் தாக்குப்பிடிக்க உதவுகிறது. அதைவிட மோசம், நீண்ட குழாயை மேலே நீட்டிக் காற்றை உறிஞ்சும் எலிவால் புழு. அதற்குத் தண்ணீரில் ஆக்சிஜனே தேவையில்லை.

மதிப்பெண் முறையும் உண்டு. பிரிட்டனில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. முறையில் ஒவ்வொரு பூச்சி, புழுக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண், அழுக்கைத் தாங்கும் மண்புழு இனத்துக்கு 1, தாங்காத ஸ்டோன்ஃப்ளைகளுக்கு 10. ஆனால் அதை அப்படியே எடுத்து எல்லா ஊர் ஓடைக்கும் ஒட்டாதீர்கள், ஸ்டோன்ஃப்ளை இயல்பாகவே குறைவாக இருக்கும் பகுதிகள் உண்டு. அதே மண், அதே சரிவு உள்ள, கெடாத ஓடை ஒன்றோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

கே: மீன் நிறைய இருக்கிறதே அண்ணே, அது போதாதா?

என்ன மீன்? கெட்ட தண்ணீரையும் தாங்கும் திலேப்பியாவும் கம்பூசியா என்ற கொசுமீனும் மட்டும் என்றால் அது பாராட்டில்லை. விரால் மேலே வந்து காற்றையே குடிக்கும். எண்ணிக்கையை விட்டுவிட்டு வகையைப் பாருங்கள்.

கே: தேங்கிய இடத்தில் எண்ணெய் மினுமினுப்பு. யாரோ டீசல் ஊற்றுகிறார்களா?

குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியாவின் படலமாக இருக்கும். சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்தான், ஓட்டத்துக்கு எதிராக நடந்து எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

கே: ஓடையில் விழுந்த சாக்கடையை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. தண்ணீர் சோதனை நன்றாக வருகிறது, பூச்சி மட்டும் திரும்பவில்லை. ஏன்?

இதுதான் இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. அழுக்கு பாதிக் கதைதான். நகரத்தில் கூரையும் தாரும் சிமெண்டும் மழையை உறிஞ்ச விடாமல் நேராக வடிகால் குழாயில் தள்ளும். பத்து நிமிஷ மழைக்கே ஓடை பொங்கி அடித்தரையைச் சுரண்டிவிட்டு, மறுநாள் நூலாகிவிடும். நீர்ப்பிடிப்புப் பகுதியில் 10 சதவீதம் மூடினாலே பல ஓடைகளில் பாதிப்பு தெரிகிறது. அப்புறம் வண்டல் வந்து கல்லிடுக்குகளை அடைத்துவிட்டால் பூச்சிக்குக் குடியிருக்க இடமில்லை. கரையில் மரமில்லாவிட்டால் தண்ணீரும் சூடாகும், உதிர்ந்த இலையும் வராது, பலவற்றுக்கு அந்த இலைதான் சாப்பாடு. கடைசியாக ஒன்று, முட்டையிட வரும் பூச்சி எங்கிருந்தாவது பறந்து வர வேண்டுமே? பக்கத்தில் உயிருள்ள ஓடை இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: பூச்சி நன்றாக இருந்தால் குழந்தைகள் குளிக்கலாமா?

கூடாது, அது வேறு கணக்கு. மலக்கிருமி இருக்கிறதா என்று ஈ.கோலை சோதனை தனியாகப் பார்க்க வேண்டும். மாதிரி எடுக்க இறங்கும்போதும் கையுறையும் பூட்ஸும் போடுங்கள், காலில் புண் இருந்தால் அன்றைக்குக் கரையில் நின்று குறிப்பு எழுதுங்கள்.