சிக்னல் 85 காட்டுகிறது, படம் மட்டும் ஏன் உடைகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சுருக்கமாக இது: "கூரை மேல் ஆன்டெனா, கீழே டெக்கோடர், இப்படித்தான் டிவி பார்க்கிறோம். காலையில் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது. மழை வந்தால் ஒரேயடியாகப் போய்விடுகிறது. கடையில் சொன்னார்கள் என்று ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டினோம். சிக்னல் 60-லிருந்து 85-க்கு ஏறியது, படமோ முன்னைவிட மோசம். என் மாமியாருக்கு மாலைச் செய்தியும் தொடரும்தான் துணை. புது ஆன்டெனா வாங்கட்டுமா? இல்லை, பழைய அனலாக்கிலேயே இருந்துவிடலாமா?"

முதலில் ஒன்று: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்களை வாட்டுவது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. மழைக்குப் போவது வேறு, மாலையில் உடைவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு தேடினால் கைக்காசுதான் கரையும்.

டெக்கோடர், அதாவது டிஜிட்டல் சிக்னலைப் படமாக்கி டிவிக்குக் கொடுக்கும் பெட்டி, அதன் மெனுவில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று சிக்னலின் பலம், இன்னொன்று அதன் தரம். நீங்கள் எழுதிய 85 பலம். தரம் எவ்வளவு என்று எழுதவில்லை, ஆனால் பார்க்க வேண்டியது அதைத்தான். கல்யாண மண்டபத்தில் நூறு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்கவில்லை என்று காதுக்கருவியின் ஒலியைக் கூட்டினால் என்ன ஆகும்? அவர் குரலும் ஏறும், மண்டப இரைச்சலும் சேர்ந்து ஏறும். பலக்கோடு அளப்பது அந்த மொத்தச் சத்தத்தை. தரக்கோடு அளப்பது அவர் பேச்சு எவ்வளவு தெளிவாக விழுகிறது என்பதை. டிஜிட்டலில் அந்தத் தெளிவு ஒரு எல்லைக்கு மேல் இருக்கும்வரை படம் குறையில்லாமல் வரும். எல்லையைத் தாண்டி இறங்கியதும் கட்டம் கட்டமாகச் சிதறி, உடனே கருப்பாகிவிடும். அனலாக் காலத்தில் புள்ளி புள்ளியாக மங்கி முன்கூட்டியே எச்சரித்தது. இதில் அந்த எச்சரிக்கை கிடையாது. காலையில் கண்ணாடி மாதிரி இருப்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அப்போதும் நீங்கள் விளிம்பில்தான் நின்றுகொண்டிருக்கலாம்.

சரி, மழையை எடுத்துக்கொள்வோம். லேசான மழைக்கே போகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளையும், ஆன்டெனாவோடு அது சேரும் இணைப்பையும். டர்பனிலேயே பீனிக்ஸ் பகுதியில் ஒரு வீட்டில் டெக்கோடர் கெட்டுவிட்டது என்று கூப்பிட்டார்கள். பின்பக்கத்துக் கேபிளைக் கழற்றினேன், கனெக்டர் முனையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் விரலில் விழுந்தது. கூரையிலிருந்து பதினைந்து மீட்டர் கேபிளுக்குள்ளேயே இறங்கி வந்த தண்ணீர்! மேலே போய்க் கேபிளின் முனையை வெட்டிப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய பின்னல் கம்பி டீத்தூள் மாதிரி கறுத்திருந்தது, நடுவில் போகும் செம்புக் கம்பியில் பச்சைப் பொடி பூத்திருந்தது. வெளியுறையில் நகக்கண் அளவு வெடிப்பு ஒன்று, அவ்வளவுதான். பின்னல் கம்பி விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டர்பனில் கடலின் உப்புக்காற்றும் சேர்வதால் ஐந்தாறு வருடத்துக் கேபிளையே நான் நம்புவதில்லை.

ஆகவே செலவு செய்வதானால் முதல் செலவு கேபிளுக்கு. 75 ஓம் ஆர்ஜி-6 என்ற டிவி கேபிள் வகை, நல்ல அடர்த்தியான பின்னல் உள்ளதாக, நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே நீளமாக இழுக்கச் சொல்லுங்கள். மேல் இணைப்பில் நீர்புகா நாடா சுற்ற வேண்டும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் கொஞ்சம் தொங்கலாக ஒரு வளைவு விட வேண்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நல்ல கேபிளாக இருந்தாலும் 20 மீட்டர் ஓடினால் சிக்னலில் ஏறக்குறைய பாதி போய்விடும். அப்புறம் இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று இருந்தால் மிச்சத்திலும் பாதிக்கு மேல் போகும். யாரும் பார்க்காத படுக்கையறை டிவிக்காக ஒரு ஸ்ப்ளிட்டர் தொங்கிக்கொண்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பழைய கவுன்சில் வீடுகள் பலவற்றில் கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதன் மேல் கால் வைக்காதீர்கள், வீட்டுப் பிள்ளைகளையும் ஏறவிடாதீர்கள். பார்க்கக் கெட்டியாகத் தெரியும், பழையது திடீரென்று உடைந்து ஆளை உள்ளே விட்டுவிடும். அதைத் துளை போடுவதும் கூடாது, தூசி நுரையீரலுக்கு ஆகாது. சுவரில் கம்பம் பொருத்தித் தரக்கூடிய ஆளையே கூப்பிடுங்கள்.

இனி மாலைக் கோளாறு. இதற்கு முக்கியக் காரணம் நீங்கள் வாங்கிய பூஸ்டரேதான் என்று நினைக்கிறேன். டிஜிட்டல் டிவி இப்போது 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்துக்குள் ஒதுங்கியிருக்கிறது. அதற்கு மேலே உள்ள 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டைகள் ஒரு காலத்தில் டிவிக்கானவை. 2022 மார்ச்சில் நடந்த ஏலத்தில் அவை கைபேசி நிறுவனங்களுக்குப் போயின. கடைகளில் இன்னும் கிடக்கும் பழைய மாடல் பூஸ்டர்கள் 862 வரை அத்தனையையும் பெருக்கும். உங்கள் தெருமுனையில் கைபேசிக் கோபுரம் இருந்தால் டிவி சிக்னலைவிடப் பல மடங்கு பலமான அதன் சிக்னலையும் பூஸ்டர் வாங்கி ஊதிப் பெருக்குகிறது. கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியை அளவுக்கு மீறித் திருகினால் நாதஸ்வரமே கரகரவென்று கிழியும் அல்லவா, அதேதான் பூஸ்டருக்குள் நடக்கிறது. சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பிக் கைபேசியில் வீடியோ பார்க்க உட்காரும் நேரம், அந்தக் கோபுரம் அதிகமாக வேலை செய்யும் நேரம். உங்கள் ஆறு மணிக் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. பலக்கோடு ஏறியும் படம் கெட்டதும் இதைத்தான் காட்டுகிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். மாலையில் படம் உடையும்போது பூஸ்டரைக் கழற்றிக் கேபிளை நேராக டெக்கோடரில் செருகுங்கள். மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் போதாது, இடையிலிருந்தே எடுத்துவிட வேண்டும். பலம் 60-க்கு இறங்கி, தரம் ஏறினால் சந்தேகம் தீர்ந்தது. புதுக் கேபிள் போட்ட பிறகும் சிக்னல் உண்மையிலேயே போதவில்லை என்றால் 694-க்கு மேல் வெட்டிவிடும் வகைப் பூஸ்டரைக் கேட்டு வாங்குங்கள். அதை ஆன்டெனாவின் பக்கத்திலேயே, கம்பத்தில் மாட்ட வேண்டும். டிவிக்குப் பின்னால் மாட்டினால் கேபிளில் தேய்ந்து வந்த சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். கைபேசி சிக்னலைத் தடுக்க 4ஜி ஃபில்டர் என்று விற்பதை வாங்கும்போதும் எண்ணைப் பாருங்கள். பழையவை 790-க்கு மேல் மட்டும்தான் தடுக்கும், 700 பட்டையை அப்படியே உள்ளே விட்டுவிடும்.

அதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கும் அதே நிமிடத்தில் உடைகிறதா? அப்படியானால் குறை உங்கள் கூரையில் இல்லை. டிவி ஒளிபரப்புக் கோபுரத்தில் பழுதோ மின்தடையோ இருக்கலாம், அல்லது வானிலை. உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சூடான பெர்க் காற்றுக்கு முந்தைய நாட்களில் மேலே உள்நாட்டுச் சூடான காற்று, கீழே கடலின் குளிர்ந்த ஈரக்காற்று என்று இரண்டு அடுக்காக நின்றால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள கோபுரத்தின் சிக்னல்கூட வளைந்து வந்து நம் சிக்னலில் மோதும். ஓரிரு நாளில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரம் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பிவிடாதீர்கள்.

ஆன்டெனாவைப் பற்றியும் கேட்டீர்கள். குறுக்குக் கம்பிகளின் நீளத்தைத் தரையிலிருந்தே கண்ணால் அளக்கலாம். ஒரு சாண் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் யூஎச்எஃப், அதாவது மேலே சொன்ன 470-694 பட்டைக்கான ஆன்டெனா, டிஜிட்டலுக்கு அதுவே போதும். முக்கால் மீட்டர் நீளம் என்றால் அதைவிடக் குறைந்த அலைவரிசைக்கான பழைய விஎச்எஃப், மாற்றத்தான் வேண்டும். டர்பன் வட்டாரத்தின் பெரிய டிவி கோபுரம் ஹில்கிரெஸ்ட் பக்கம் ஆல்வர்ஸ்டோனில் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்திலிருந்து அது வடமேற்கே, இருபது கிலோமீட்டர் சொச்சம். ஆன்டெனாவின் குட்டைக் கம்பி முனை அந்தப் பக்கம் பார்க்கிறதா என்று கைபேசித் திசைகாட்டியில் பாருங்கள். கம்பிகள் படுக்கை வாட்டமா, செங்குத்தா என்பதை நன்றாகப் படம் வரும் பக்கத்து வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், மாறி இருந்தால் சிக்னலின் பெரும்பகுதி வீண். உங்கள் ஊர் முழுக்க மேடும் பள்ளமும். இந்த அலைகள் மேட்டைச் சுற்றி அதிகம் வளையாது, ஆனால் அரை மீட்டர் தள்ளி வைத்தாலே தரக்கோடு தாவுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வழியில் மாமரம் வளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நனைந்த இலை சிக்னலைக் குடித்துவிடும், மழைக் கோளாறில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

அனலாக்கில் தங்கிவிடலாமா என்றால், அதை நம்பி இருக்க வேண்டாம். 2025 மார்ச் 31-ல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்துவதாக இருந்ததை பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தடுத்தது உண்மைதான். ஆனால் அது தள்ளிப்போனதுதான், கைவிடப்படவில்லை. டிவியிலேயே டிஜிட்டல் பார்க்க டிவிபி-டி2 வகை (இங்குள்ள டிஜிட்டல் ஒளிபரப்பு முறை) ட்யூனர் உள்ளேயே இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிவி என்றால் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டெக்கோடர்தான் வழி.

பூஸ்டரைக் கழற்றி, கேபிளை மாற்றி, திசையும் சரியாக இருந்தும் தரக்கோடு எழவில்லை என்றால் உங்கள் வீடு மேட்டின் நிழலில் இருக்கிறது. அப்போது ஆன்டெனா மேல் ஆன்டெனாவாக வாங்காமல், மாதக் கட்டணம் இல்லாத ஓப்பன்வியூ மாதிரி ஒரு செயற்கைக்கோள் பெட்டிக்கு மாறிவிடுங்கள். டிஷ் வடகிழக்கு வானத்தைப் பார்க்கும் என்பதால் ஆல்வர்ஸ்டோன் பக்கத்து மேடு அதை மறைக்காது. பலத்த மழையில் சில நிமிடம் அதுவும் போகும், மழை விட்டதும் திரும்பிவிடும்.