வேலைக்குப் போகிறவர் தன் நகரத்தின் சமூகத் திட்டங்களில் உருப்படியாகப் பங்கெடுப்பது எப்படி?

வேலைக்குச் செல்கிறவர், வாரத்தில் சில மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க இயலாதவர், ஆனாலும் தாம் வாழும் நகரத்தின் சமூகத் திட்டங்களில் பெயரளவுக்கு அல்லாமல் பங்கெடுக்க விரும்புகிறவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நகர நிர்வாகத்தின் இணையதளத்தில் தன்னார்வலராகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பதே இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதில் தவறில்லை, ஆனால் அதோடு நின்றுவிட்டால், அழைப்பு வருகிற நாளில் போய் நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் குழுப்படத்தில் நின்றுவிட்டு வருவதுடன் உங்கள் பங்கு முடிந்துவிடும். பல ஆண்டுகளாக ஒரு பொது நூலகத்தின் வாசகர் குழுவிலும் ஒரு குடியிருப்போர் சங்கத்திலும் இருந்து வருகிறவன் என்ற முறையில் என் கருத்து இது: விழா நாளில் செய்யும் உதவியைவிட, ஒரு திட்டம் முடிவாகும் இடத்தில் நீங்கள் சொல்லும் சொல்லும், முடிவான பிறகு மாதாமாதம் நடக்க வேண்டிய சலிப்பான வேலையில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் பொறுப்பும்தான் நீண்ட நாள் பயன் தருகின்றன.

எந்தத் திட்டமும் மேடையில் தொடங்குவதில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பாகத்தான் அது முதலில் உயிர் பெறுகிறது. முதியோருக்கான பகல்நேர மையமோ, மாலைநேர வகுப்போ, பூங்காப் பராமரிப்போ, எதுவாக இருந்தாலும் ஒதுக்கீடு முடிவான பிறகு போய்க் கேட்டால் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்ற பதிலே வரும். அதிகாரி தட்டிக்கழிக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அவர் கையில் உண்மையிலேயே பணம் இருக்காது. ஆகவே உங்கள் நகரத்தின் நிதியாண்டு எப்போது தொடங்குகிறது, துறைகள் தங்கள் தேவைப் பட்டியலை அதற்கு எத்தனை மாதங்கள் முன்பாக அனுப்புகின்றன, அந்தப் பட்டியலை எந்தக் குழு பரிசீலிக்கிறது என்பவற்றை முதலில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இவை ரகசியங்கள் அல்ல; நகர மன்றக் கூட்டங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் நேரில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். கேட்பவர்கள் குறைவு என்பதால் சற்று ஆச்சரியத்தோடு சொல்வார்கள், அவ்வளவுதான்.

அடுத்ததாக, உங்களுக்கு ஆர்வமுள்ள துறையைக் கவனிக்கும் குழுவின் கடந்த ஆண்டுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். படிக்கச் சுவையானவை அல்ல. ஆனால் ‘ஒத்திவைக்கப்பட்டது’, ‘மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்ற சொற்கள் எந்தெந்தப் பொருளுக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்த்தாலே, எந்தத் திட்டத்துக்குப் பணம் இருந்தும் பொறுப்பேற்க ஆள் இல்லை, எதற்கு ஆள் இருந்தும் பணம் இல்லை என்பது ஓரளவு விளங்கிவிடும். புதிதாக ஒன்றைத் தொடங்கக் கோருவதைக் காட்டிலும், ஏற்கெனவே ஒப்புதல் பெற்று முடங்கிக் கிடக்கும் ஒன்றை நகர்த்துவது மிக எளிது என்பது என் அனுபவம்.

பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்கும் கூட்டங்களில் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடங்களே கிடைக்கும். பலர் அதை நிர்வாகத்தின் பொதுவான அலட்சியத்தைப் பற்றிப் பேசியே செலவழித்துவிடுகிறார்கள்; கைதட்டல் கிடைக்கிறது, குறிப்பில் ‘உறுப்பினர் அல்லாத ஒருவர் கருத்துத் தெரிவித்தார்’ என்று ஒரு வரி மட்டும் ஏறுகிறது. எங்கள் நூலக விஷயத்தில் நடந்தது வேறு. சிறுவர் பகுதி மாலை ஆறு மணிக்கே மூடப்பட்டு வந்தது. வேலை முடிந்து பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். எங்கள் குழுவிலிருந்த ஒரு பெண்மணி, சில வாரங்கள் அந்த நேரத்தில் வாசல் படியருகே நின்று, திரும்பிப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போட்டுக் கிழமை வாரியாகக் கணக்கெடுத்தார். அதே தாளின் மறுபக்கத்தில், காலையில் நூலகம் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டார். கூட்டத்தில் எழுந்து, காலையில் வருகை மிகக் குறைவாக உள்ள இரண்டு நாட்களில் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்து, மாலையில் அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டித் தருமாறு கேட்டுவிட்டு, கூடுதல் ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை என்று சொல்லி, அந்தத் தாளைச் செயலரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுக்க வேண்டுமானால் கூட்டத்தை நடத்திய குழுவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரே கோரிக்கை, நாம் கண்ணால் கண்ட எண்ணிக்கை, யார் என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவு, எழுத்தில் ஒரு பிரதி: பேசத் தெரியாதவர்களுக்கும் இது போதும். சொல்லப்போனால், பேசத் தெரியாதவர்கள்தான் இதை நன்றாகச் செய்கிறார்கள்.

சில நகரங்களில் பணத்தைப் பிரிக்கும் முடிவிலேயே குடிமக்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் தொடங்கிய ‘பங்கேற்பு பட்ஜெட்’ முறையில், பகுதி வாரியாகக் கூடும் மக்கள், தங்களுக்கு முதலில் வேண்டியது குடிநீரா, கழிவுநீர் வடிகாலா, சாலையா என்று விவாதித்து, தங்கள் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். பின்னர் அந்த முறை உலகெங்கும் பல வடிவங்களில் பரவியது. நியூயார்க்கில் 2011இல் நான்கு மன்ற உறுப்பினர்களின் தொகுதிகளில் அது தொடங்கியது. பாரிஸில் 2014 முதல் நடக்கும் வாக்கெடுப்பில் குடியுரிமை வேறுபாடின்றி, பள்ளிப் பிள்ளைகள் உட்பட, நகரத்தில் வசிப்பவர்கள் கலந்துகொள்ளலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள், வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள், பள்ளி மாணவர்கள் ஆகியோருக்கு இதைவிடத் திறந்த வாசல் வேறு இல்லை. உங்கள் நகரத்தில் இம்முறை இருந்தால், வாக்களிக்கும் கட்டத்தில் மட்டும் போய் நிற்காமல், யோசனைகளைத் திரட்டி அவற்றைச் செலவு மதிப்பீட்டுடன் கூடிய முன்மொழிவுகளாக மாற்றும் கட்டத்திலேயே சேர்ந்துவிடுங்கள். வாக்குச்சீட்டில் எவை இடம்பெற வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகிறது. அரசியல் ஆதரவு குறைந்தால் இந்த முறை வலுவிழந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். 2004 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு போர்ட்டோ அலெக்ரேவிலேயே அதுதான் நடந்தது.

இந்தியாவில் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகராட்சிகளில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. அவற்றின் அமைப்பை மாநிலச் சட்டங்கள் தீர்மானிப்பதால் குடிமக்களுக்குக் கிடைக்கும் இடம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆக, சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறதா, இருந்தால் அது உண்மையில் கூடுகிறதா என்று பார்ப்பது எந்த நாட்டில் வாழ்பவருக்கும் பொருந்தும்.

கருத்துக்கேட்பு என்ற பெயரில் நடப்பவை எல்லாமே பங்கேற்பு ஆகிவிடாது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வகுத்தார். அதன் அடிப்படிகளில் மக்களை அழைத்து உட்காரவைத்துச் சம்மதம் வாங்கிக்கொள்வதும், நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், மேலே அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதும் வருகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பாகுபாடு எனக்குப் பயன்படுகிறது. ஒரு குழுவில் சேர அழைப்பு வந்தால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் குழு ‘வேண்டாம்’ என்று சொன்னால் எதாவது நின்றுபோகுமா? நிற்காது என்றால் அதற்கேற்ற அளவு நேரத்தை மட்டும் கொடுக்கிறேன். அப்படிப்பட்ட குழுக்களையும் முற்றிலும் ஒதுக்குவதில்லை. வரப்போகிற மாற்றங்கள் அங்கேதான் முதலில் காதில் விழும்.

இனி கைவேலைப் பக்கம் வருகிறேன். எந்தச் சமூகத் திட்டத்திலும் ஒருமுறை வருகிறவர்கள் ஏராளமாக இருப்பார்கள், ஒவ்வொரு முறையும் வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணுமளவுக்கே இருப்பார்கள். ஒருங்கிணைப்பாளர் தேடிக்கொண்டிருப்பது இரண்டாவது வகையினரை. ஆகவே சேரும்போதே ‘எதைச் சொன்னாலும் செய்கிறேன்’ என்று சொல்லாதீர்கள். அது அவருக்கு இன்னொரு வேலையைத் தருகிறது. ‘மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை வருவேன், வருகைப் பதிவேட்டையும் பொருள் இருப்பையும் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது, புதியவர்களுக்குத் தொலைபேசியில் நினைவூட்டுவது, வரவு செலவை மாத இறுதியில் சரிபார்ப்பது போன்ற, எவரும் விரும்பாத வேலை ஒன்றை எடுத்துக்கொள்கிறவருக்கு, அந்தத் திட்டம் உள்ளபடி எவ்வாறு நடக்கிறது என்பது ஓர் ஆண்டுக்குள் தெரிந்துவிடும். குறிப்பு எழுதுகிறவர் கூட்ட முடிவில் ‘இதைச் செய்யப்போவது யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதிக்கொள்ளட்டும்?’ என்று கேட்கிற அந்த ஒரு கேள்வி, தலைவரின் நீண்ட உரையைவிட அதிக வேலையை நடத்திவைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பயிற்சி கேட்கும் திட்டங்கள் தனி வகை. பேரிடர் உதவிக் குழுக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1985இல் மெக்சிகோ நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அக்கம்பக்கத்தவர்களே இடிபாடுகளில் இறங்கி ஏராளமானவர்களைக் காப்பாற்றினார்கள். ஆனால் பயிற்சி இல்லாததால் அவர்களில் பலர் தாமும் உயிரிழந்தார்கள். அதே 1985இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தீயணைப்புத் துறை, சிறு தீயை அணைத்தல், முதலுதவி, எளிய தேடுதல் மீட்பு ஆகியவற்றைக் குடிமக்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சியைத் தொடங்கியது. 1993இல் அது அமெரிக்கா முழுவதற்குமானது. ஏறத்தாழ இருபது மணி நேரப் பயிற்சி என்பதால், வேலைக்குப் போகிறவரும் சில வார இறுதிகளில் முடித்துவிட முடியும். உங்கள் நகரத்தில் தீயணைப்புத் துறையோ சுகாதாரத் துறையோ இப்படி ஒன்றை நடத்துகிறதா என்று விசாரியுங்கள். குழந்தைகளோடும் முதியவர்களோடும் பழகும் திட்டங்களில் பின்னணிச் சரிபார்ப்பு கேட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்காத திட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கைவசம் நேரமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பழுதான தெருவிளக்கு, உடைந்த நடைபாதை ஆகியவற்றை நகரச் செயலியில் புகார் செய்வதும் பங்கேற்புதான். பிரிட்டனில் 2007இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் போன்ற தளங்களில் புகார்களை அனைவரும் பார்க்க முடிவதால் எது எவ்வளவு காலமாகக் கிடப்பில் உள்ளது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. சியாட்டில் நகரம் 1988இல் தொடங்கிய நிதியுதவித் திட்டத்தில், குடியிருப்புப் பகுதியினர் தங்கள் பங்காகப் பணத்துக்குப் பதிலாக உழைப்பு நேரத்தையும் கணக்குக் காட்டலாம். இத்தகைய திட்டம் உங்கள் நகரத்திலும் இருக்குமானால் உங்கள் தெருவின் உழைப்பே மூலதனமாகிவிடும். பாரிஸ் 2021இல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த நூறு பேரைக் கொண்டு ஒரு குடிமக்கள் அவையை அமைத்தது. அப்படிப்பட்ட அழைப்புக் கடிதம் உங்களுக்கு வந்தால் விளம்பரத்தாள் என்று எண்ணிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

எந்தக் குழுவில் சேர்ந்தாலும் அங்கே யார் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலைநாளில் நண்பகலில் கூட்டம் வைத்தால் ஓய்வு பெற்றவர்களும் சங்க நிர்வாகிகளும்தான் வருவார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்கள், இரவுப்பணி செய்பவர்கள், கைக்குழந்தையுடன் இருப்பவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு ‘மக்கள் ஆர்வம் காட்டவில்லை’ என்று அறிக்கை எழுதப்படும். கூட்ட நேரத்தை மாலைக்கு மாற்றவும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யவும், மாடிக்குப் பதிலாகத் தரைத்தளத்தில் கூடவும், வேற்றுமொழி பேசுகிறவர்களுக்கு அருகில் அமர்ந்து மொழிபெயர்த்துச் சொல்லவும் நீங்கள் முன்வந்தால், உங்கள் ஒருவரின் பங்கேற்பு பலரின் பங்கேற்பாகப் பெருகும். வாடகைக்கு இருப்பவர்கள் கட்டட நுழைவாயிலில் ஒட்டும் அறிவிப்பைப் பார்க்கிறார்கள், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வருவதைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அந்தக் குழுவில் வீட்டு உரிமையாளர்கள் மட்டுமே இருக்கிறார்கள். இது பல இடங்களில் யாருக்கும் தோன்றுவதே இல்லை.

ஓர் ஆண்டு கழித்து, நீங்கள் சேர்ந்த திட்டம் வெறும் காட்சிக்கு நடக்கிறது என்று தெரிந்தால் தயங்காமல் விலகுங்கள். உங்களுடைய நேரத்துக்கு உங்கள் நகரத்திலேயே வேறு இடம் கிடைக்கும். விலகும்போது மட்டும், உங்களிடமுள்ள தொடர்பு எண்கள், சாவி, பதிவேடு, கடவுச்சொற்கள் ஆகியவற்றை அடுத்தவரிடம் எழுத்துமூலம் ஒப்படைத்து, அவர் ஒருமுறை தனியாக அந்த வேலையைச் செய்து பார்க்கும்வரை உடனிருந்துவிட்டு வாருங்கள்.