அந்த வால்வைக் கீசரில் பொருத்தாதீர்கள்

சகோதரரே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுக் கீசருக்காக உறவினர் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பித்தளைப் பாதுகாப்பு வால்வில் ‘ஈயமற்றது’ என்ற முத்திரை இல்லை, பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

அமெரிக்காவில் 2014 ஜனவரி 4 முதல், குடிநீர் படும் பரப்புகளில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 8 சதவீதம் வரை அனுமதித்தார்கள். முத்திரையில்லாத பாகம் பழைய சரக்காக இருக்கலாம். சுடுநீரைக் குடிப்பதில்லை என்கிறீர்கள். அவசரத்துக்கு அந்தக் குழாயிலேயே உலைநீர் பிடிக்காத வீடு எது? சூடான நீர் ஈயத்தை இன்னும் வேகமாகக் கரைக்கும். கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது. பேரக்குழந்தைகள் இருக்கும் வீடு, தயவுசெய்து துணியாதீர்கள்.

முத்திரை இருந்தாலும் தடுத்திருப்பேன். அங்குள்ள வீட்டுப் பாதுகாப்பு வால்வு வழக்கமாக 150 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அதாவது ஏறக்குறைய 1034 கிலோபாஸ்கலில்தான் திறக்கும். நம் தென்னாப்பிரிக்கக் கீசர்கள் பெரும்பாலும் 400 அல்லது 600 கிலோபாஸ்கலுக்குச் செய்யப்பட்டவை. வால்வு திறக்கும் முன்பே தொட்டி வெடித்துவிடலாம். மரையும் வேறு, இறுக்கினாலும் கசியும்.

கீசர் தகட்டில் உள்ள அழுத்தத்துக்கு ஏற்ற, எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கத் தர நிறுவனம்) முத்திரையுள்ள வால்வை டர்பனிலேயே வாங்குங்கள். பதிவுபெற்ற பிளம்பரே பொருத்தட்டும். வேலை விதிப்படி நடந்தது என்பதற்கான இணக்கச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.