பெட்டியில் அச்சிடாத தேதி: கேள்வி-பதில்

கேள்வி: பழைய செல்போன் கடையில் 6,000 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு ஃபோன் வாங்கினேன். ‘எல்லா அப்டேட்டும் வரும்’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பாதுகாப்பு அப்டேட் 2019 ஆகஸ்ட்டோடு நிற்கிறது. பேங்க் ஆப் இதில்தான். ஏமாந்துவிட்டேனா?
— வாசகி, திருப்பூர்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. தப்பு உங்கள் மேல் இல்லை. பேங்க் ஆப்பை இன்றே எடுத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் இன்னொன்றோடு பேச ‘பைண்டர்’ என்ற டிரைவர், அதாவது உள்ளே ஓடும் ஒரு சிறு மென்பொருள் உண்டு. ஃபோன் முழுவதையும் ஆளும் கெர்னல் என்ற மையப் பகுதிக்குள் அது ஓடுவது. விட்டுக்கொடுத்த நினைவக இடத்தையே மறுபடி போய்த் தொடும் பிழை அதில் இருந்தது. காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரரிடம் வீட்டுச் சாவி தங்கிவிட்ட மாதிரி. அதை வைத்து ஒரு சாதாரண ஆப் ஃபோன் முழுவதையும் பிடித்துவிடலாம். ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸில் 2018 பிப்ரவரியிலேயே சரிசெய்துவிட்டார்கள். ஆனால் பிக்சல் 2, கேலக்ஸி எஸ்7, எஸ்8, எஸ்9, ரெட்மி 5ஏ என்று பல ஃபோன்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. இந்த ஓட்டை வழியாகத் தாக்குதல் நடப்பதாகத் தெரிந்ததும் ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு ஏழே நாள் கெடு கொடுத்து 2019 அக்டோபரில் ஊரறியச் சொன்னது. ஆண்ட்ராய்டில் 2019 அக்டோபர் 6 தேதியிட்ட அப்டேட்டில்தான் அடைபட்டது. உங்கள் ஃபோனின் கடைசி அப்டேட் அதற்கும் முந்தியது.

2018 தீபாவளி ஆஃபரில் நான் வாங்கிய ஃபோனுக்கு இரண்டே அப்டேட் வந்தது. அட்டைப்பெட்டி இன்னும் இருக்கிறது. கேமரா இத்தனை மெகாபிக்சல், பேட்டரி இத்தனை எம்ஏஎச், இரண்டு சிம் என்று நாலு பக்கமும் அச்சு. அப்டேட் எதுவரை என்று ஓர் எழுத்து இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில்கூடத் தேதி கேட்கிறோமே! பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அப்டேட் எதுவரை வரும் என்பதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். இங்கேயும் அது பெட்டி மேலேயே வர வேண்டும்.

பில்லையும் வாட்ஸ்அப் செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஆன்ட்டிவைரஸ் ஆப் போட்டால் போதாதா?
— வாசகர், கரூர்

பதில்: போதாது. கெர்னல் ஓட்டையை மேலே ஓடும் ஆப் அடைக்காது.

கேள்வி: அப்டேட் செய்யச் சொல்லி ஃபோன் நாலு மாதமாக நச்சரிக்கிறது. நிறுத்த வழி?
— வாசகர், மதுரை

பதில்: சொல்ல மாட்டேன். திருத்தம் வராமல் ஒருவர் மேலே தவிக்கிறார். நீங்கள் வந்ததைத் தள்ளுகிறீர்கள். இன்று இரவே போடுங்கள்.

கேள்வி: பழைய டெல் லேப்டாப் வாங்கலாமா? டிரைவரில் ஏதோ ஓட்டை என்றார்களே?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாங்கலாம். ‘டிபியூட்டில் 2_3’ என்ற டிரைவர் அது. கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற மென்பொருளை அப்டேட் செய்யும் கருவியோடு உள்ளே வந்தது. 2009 முதல் இருந்த ஓட்டை 2021 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. நீக்கும் கருவியை டெல் கொடுத்திருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லி வாங்குங்கள். விற்பவர் பென்டிரைவில் தரும் பழைய பயாஸ் ஃபைலை ஓட்டாதீர்கள். அதோடு அந்த டிரைவரும் திரும்ப வந்துவிடும்.