பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் கார் வராத கிராவல் பாதை: எங்கே போவது, எப்படித் தயாராவது?

கேள்வி இது: நாலைந்து நாள், கார் லாரித் தொந்தரவு இல்லாமல் பிரான்ஸ் கிராமப்புறத்தில் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) ஓட்ட எந்த வழி நல்லது, என்ன டயர், என்ன முன்னேற்பாடு?

ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கும் முன் அது பழைய காலத்தில் எதற்காகப் போடப்பட்டது என்று பாருங்கள். பிரான்சில் வண்டி வராத சரளைப் பாதைகள் பெரும்பாலும் மூன்று வகை: கால்வாய்க் கரை, தண்டவாளம் பெயர்த்த ரயில் தடம், அரசுக் காட்டுக்குள் போகும் மரவண்டி ரோடு. ஏற்றம் எவ்வளவு, மழை பெய்தால் என்ன ஆகும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதெல்லாம் அந்தப் பூர்வீகத்திலேயே இருக்கிறது.

முதல் தடவை போகிறவருக்கு என் சிபாரிசு, வடமேற்கு மூலையில் பிரெத்தாஞ் பகுதியிலுள்ள நான்த்–பிரெஸ்ட் கால்வாய்க் கரை. இங்கிலாந்துக் கடற்படை கடல்வழியை அடைத்து நின்ற நெப்போலியன் காலத்தில், பிரெஸ்ட் துறைமுகத்துக்கு உள்நாட்டு வழியாகவே சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று 1811-ல் வெட்டத் தொடங்கினார்கள். முழுதாகத் திறந்தது 1842-ல். நீளம் சுமார் 360 கி.மீ. படகை இழுத்துக்கொண்டு குதிரைகள் நடந்த கரைதான் இன்றைய சைக்கிள் பாதை. அதனால் எப்போதும் தண்ணீரை ஒட்டியே போகும், கிட்டத்தட்ட சமதளம். பராமரிப்பு வண்டி எப்போதாவது எதிரே வரலாம்.

நாலைந்து நாளுக்கு முழு நீளமும் வேண்டாம். ரெதோன் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே ஷாத்தொலேன் வரை, ஏறத்தாழ 270 கி.மீ. இரண்டு ஊரிலும் ரயில் உண்டு. வழியில் மாலெத்ருவா, கால்வாய்க்கு நேர் மேலே கோட்டை நிற்கும் ஜோஸ்லேன், ரொஆன், போன்திவி, கார்ஹே. ரெதோனிலிருந்து போன்திவி மட்டும் 110 கி.மீ. வரும், ஒரே நாளில் அடிக்காமல் ஜோஸ்லேனில் தங்குங்கள். போன்திவியில் வழக்கமான பயணிகள் ரயில் கிடையாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் திரும்ப நினைத்தால் அங்கே கைவிரிப்பார்கள்.

ரொஆனுக்கும் போன்திவிக்கும் இடையில் சுமார் 25 கி.மீ.க்குள் படகை ஏற்றி இறக்கும் லாக் மதகுகள் ஐம்பதுக்கும் மேல். ஒவ்வொரு மதகிலும் பாதை சட்டென்று இரண்டு மூன்று மீட்டர் ஏறும் அல்லது இறங்கும், பிறகு மறுபடி சமதளம். மதகுக் கதவின் பக்கவாட்டில் கருங்கல் விளிம்பு பாதையை விட்டுத் துருத்திக்கொண்டிருக்கும். காற்று குறைவான டயரோடு வேகமாக ஏறினால் ரிம் அதில்தான் அடிபடும்.

போன்திவிக்கு மேற்கே கெர்லெதான் ஏரி கால்வாயை வெட்டிவிடுகிறது. 1930-ல் முடிந்த அணை, 17 மதகுகளை நீருக்குள் மூழ்கடித்துவிட்டது. அங்கே கரை கிடையாது. ஏரிக்கு வடக்கே மூர்-து-பிரெத்தாஞ் ஊரிலிருந்து பழைய மீட்டர் கேஜ் ரயில் தடத்தைப் பிடித்து, போன்-ரெப்போ மடத்தருகே மறுபடி கால்வாயில் சேர வேண்டும். பலரும் ‘கால்வாயை ஒட்டியே போ’ என்று நம்பி வந்து, ஏரிக்கரையில் வேர்களும் படிக்கட்டுமாக இருக்கும் நடைபாதையில் சிக்குவது இங்கேதான். அதைத் தாண்டினால் க்ளொமெல் பள்ளம். கால்வாயின் உச்சி, கடல் மட்டத்துக்கு மேல் 184 மீட்டர். 1823 முதல் 1832 வரை கைதிகளைக் கொண்டு மண்வெட்டியால் வெட்டவைத்த மூன்று கிலோமீட்டர் நீளப் பள்ளம். வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

பாதையின் மேற்பரப்பு, ஜல்லிப்பொடியைக் கொட்டி ரோலர் ஓட்டி இறுக்கியது. காய்ந்திருந்தால் தார் ரோடு மாதிரி ஓடும். இரண்டு நாள் மழையில் அதே பொடி கஞ்சிப் பசையாகிச் செயினிலும் பிரேக்கிலும் ஒட்டும். சேதம் செய்வது இந்தப் பசைதான்: ரெசின் பிரேக் பேட் சீக்கிரம் தேய்ந்துபோகும், செயினிலிருந்து எண்ணெய் கழுவிப்போய்க் கீச்சிடும். சின்டர்டு (உலோகத் தூளால் ஆன) பேட், மழைக்கான கெட்டி எண்ணெய், மட்கார்டு மூன்றும் இருந்தால் பிரச்சினை பாதியாகக் குறையும். மாலையில் குடிநீர் பாட்டிலிலிருந்து மெல்ல ஊற்றிக் கழுவினால் போதும். ஹை பிரஷர் பம்பை வைத்து அடித்தால் பேரிங்குக்குள் பொடி போய்விடும்.

டயர் 38 முதல் 42 மி.மீ. நடுப்பகுதி வழுவழுப்பாகவும் ஓரத்தில் குமிழும் உள்ளதாக எடுங்கள். முழுக்க முரட்டுக் குமிழ் இங்கே வேகத்தைத் தின்னும். 75 கிலோ ஆள், 10 கிலோ சாமான், 40 மி.மீ. ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 32, பின்னால் 36 பிஎஸ்ஐயில் ஆரம்பித்து, கை அதிர்ந்தால் இரண்டு இரண்டாகக் குறையுங்கள். டயருக்கு 60 மி.லி. சீலண்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்), போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தால் உள்ளே காய்ந்திருக்கும், கிளம்பும் முன் நிரப்புங்கள். பிரெத்தாஞ்சில் வேலிகளை இயந்திரம் வைத்துக் கத்தரிப்பது இலையுதிர்காலத்திலும் குளிரிலும். அப்போது முள் துண்டுகள் பாதை முழுக்கச் சிதறிக்கிடக்கும். சீலண்ட் இல்லாத ட்யூப் ஒரே மணி நேரத்தில் இரண்டு தடவை பஞ்சர் ஆகும். மாற்று டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைப் பிரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு) உங்கள் பிரேமுக்கே உரியதாக இருக்க வேண்டும். சின்ன ஊர் சைக்கிள் கடையில் அது கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். செயின் க்விக் லிங்க், ஒரு ட்யூப், ஒரு ஜோடி பிரேக் பேட் இவையும் பையில் இருக்கட்டும்.

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் ரெதோன், மாலெத்ருவா பக்கம் ஊஸ்த் ஆறு பொங்கிக் கரையை மூடிவிடும். 2023 நவம்பர் சியாரான் புயலில் மேற்குப் பகுதியில் ஏராளமான மரங்கள் விழுந்தன. அதனால் கிளம்புவதற்கு முதல் வாரம், எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று அந்தந்த மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

தெற்கே போக நினைப்பவர்களுக்கு: மசாமே ஊரிலிருந்து பெதாரியே வரை சுமார் 80 கி.மீ. ஓடும் பாஸா பாயிஸ். பழைய ரயில் தடம் என்பதால் மலைக்குள் போனாலும் ஏற்றம் இதமானது. ரயில் எஞ்சின் ஏறியதை நீங்களும் ஏறிவிடலாம். சுரங்கங்களுக்கு முன்விளக்கு அவசியம். துலூஸிலிருந்து போகும் கால்வாயான கனால் து மிதியைப் பலர் முதலில் கேட்பார்கள். துலூஸிலிருந்து சுமார் 50 கி.மீ. தார், அதற்கப்பால் பிளேன் மர வேர்களும் ஒற்றையடித் தடமும். மழைக்குப் பிறகு வழுக்கல். நான் அங்கே சொல்வது, கால்வாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ரிகோல் து லா பிளேன். நொரூஸிலிருந்து ரெவெல் பக்கம் போகும் அமைதியான சரளை வழி. பச்சைப் பாதை எனப்படும் வுவா வெர்த் எல்லாமே சரளை என்று எண்ணிவிடாதீர்கள். 1997-ல் பர்கண்டியில் திறந்த ஜிவ்ரி–க்ளூனி பாதை தார் போட்டது.

ஆப் காட்டும் ‘கிராவல்’ வழியை அப்படியே நம்பக் கூடாது. பிரெஞ்சு நிலவரைபட நிறுவனம் ஐஜிஎன்னின் வரைபடத் தளத்தில் வான்படத்தைத் திறந்து அந்த வழியைப் பாருங்கள். வெளிர் நிறப் பட்டை தெரிந்தால் கல் போட்டது. நடுவில் பச்சைக் கோடு தெரிந்தால் டிராக்டர் தடம். இரட்டை மர வரிசைக்குள் பாதையே மறைந்துபோனால் அது பழைய குழிப்பாதை. கோடையிலும் சேறு காயாது, பல இடத்தில் கிளை விழுந்து அடைத்திருக்கும். அரசுக் காட்டு ரோட்டில் தடுப்புக் கம்பத்தைத் தாண்டினால் கார் வராது, ஆனால் மரம் வெட்டும் வண்டி களிமண்ணில் அரையடிப் பள்ளம் போட்டிருக்கும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம்: ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்கிறது) பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் ஃபோன்தென்ப்ளோ காடு எளிது, ஆனால் மணல் வரும் இடத்தில் 40 மி.மீ. புதையும்.

தண்ணீர் கல்லறைத் தோட்டக் குழாயில் கிடைக்கும்; பெரும்பாலான கிராமங்களில் ஒன்று உண்டு. ‘ஓ நோன் போத்தாப்ள்’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். சின்ன ஊர்க் கடைகள் மதியம் பன்னிரண்டரைக்கு மூடி, இரண்டரை மூன்றுக்குத்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது, திங்களன்று பேக்கரியே மூடியிருக்கும். இந்த இரண்டு நாளுக்கும் ரொட்டி, சீஸ், வாழைப்பழம் முந்தின நாளே பையில் ஏறட்டும்.

அதிவேக டிஜிவியில் முழு சைக்கிளுக்குச் சில ரயில்களில்தான் இடம் உண்டு, டிக்கெட்டோடு சேர்த்தே முன்பதிவு செய்ய வேண்டும். கோடையில் அது முதலில் தீர்ந்துவிடும். இல்லையெனில் சக்கரத்தைக் கழற்றி உறையில் போட்டால் சாமானாக ஏற்றலாம். உள்ளூர் டெஆர் ரயிலிலும் கோடையில் பிரெத்தாஞ்சில் சைக்கிள் முன்பதிவு கேட்பார்கள். அதனால் திரும்பும் ரயில் இடத்தை முதலில் பிடித்துவிட்டு, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கித் தங்கும் ஊர்களை முடிவு செய்யுங்கள்.