வாராந்திர ஆலோசனையை விட்டுச் சில நாள்களில் முடியும் தீவிர மனக்காயச் சிகிச்சைக்கு மாறலாமா?

விபத்து ஒன்றுக்குப் பிறகு நெடுநாளாக வாரம் ஒரு முறை ஆலோசனைக்குச் சென்று வருவதாகவும், கெட்ட கனவுகளும் திடுக்கிடலும் குறையவில்லை என்பதாகவும், ஒன்றிரண்டு வாரங்களிலேயே முடித்துவிடும் தீவிரச் சிகிச்சைக்கு மாறுவது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சிகிச்சையாளன் அல்லன். இரண்டு முறைகளிலும் சிகிச்சை பெற்றவன். மாறலாம் என்பதே என் பதில். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இப்போது நீங்கள் செல்லும் அமர்வுகளில் அந்த விபத்தின் நினைவையே நேரடியாக எடுத்து வேலை செய்கிறார்களா, அல்லது அதைச் சுற்றியுள்ள வாழ்க்கையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்களா? சிகிச்சை வாரத்துக்கு ஒரு முறையா, தினமுமா என்பது இதற்கு அடுத்தபடியான கேள்விதான்.

தீவிரச் சிகிச்சை என்று தனியாக ஒரு புது வைத்தியம் கிடையாது. எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை, நடந்ததைப் பற்றி மனத்தில் ஊன்றிவிட்ட எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும், பட்ரீஷியா ரெசிக் உருவாக்கிய பன்னிரண்டு அமர்வுச் சிகிச்சை (சி.பி.டி.), 1987இல் ஃபிரான்சின் ஷாபிரோ தொடங்கிய, கண் அசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். ஆகியவை பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு, அதாவது பி.டி.எஸ்.டி.க்கு, நன்கு ஆராயப்பட்ட சிகிச்சைகள். நடந்ததை விலக்கி வைக்காமல் அதையே எடுத்துக்கொண்டு வேலை செய்வது இவை மூன்றுக்கும் பொது. இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ எடுத்து, மூன்று நான்கு மாதங்களில் பரப்ப வேண்டிய மணி நேரங்களை ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குள் அடுக்கிவிடுவதுதான் தீவிர முறை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாரம் ஒரு முறை என்பது இந்தச் சிகிச்சைகளின் உள்ளேயே இருக்கும் விதி அல்ல. ரெசிக் 2002இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்விலேயே அமர்வுகள் வாரம் இரண்டு முறை நடந்தன. வாரத்துக்கு ஒன்று என்ற வழக்கத்தைக் காயத்தின் தேவையைவிட நாள்காட்டியின் வசதிதான் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆய்வுகளில் எனக்கு மிகவும் உதவியது, உளவியலாளர் அன்கே ஏலர்ஸின் குழுவினர் 2014இல் வெளியிட்டது. பி.டி.எஸ்.டி. உள்ள 121 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் தினமும் பல மணி நேரம் அறிவாற்றல் சிகிச்சை, அதாவது நடந்த சம்பவத்தின் நினைவையும் அதற்கு நாம் தரும் அர்த்தத்தையும் எடுத்து வேலை செய்யும் சிகிச்சை, கிடைத்தது. இரண்டாம் பிரிவினருக்கு அதே சிகிச்சை வாரம் ஒரு முறையாக மூன்று மாதம் நடந்தது. மூன்றாம் பிரிவினருக்கு அதே மூன்று மாதத்தில் உணர்வுகளைப் பகிர்ந்து ஆதரவு பெறும் வகை ஆலோசனை தரப்பட்டது. நான்காம் பிரிவினர் காத்திருந்தனர். முடிவில் பி.டி.எஸ்.டி.யிலிருந்து மீண்டவர்கள் முறையே 73, 77, 43, 7 சதவீதம். தீவிர முறையும் வார முறையும் ஏறத்தாழச் சமம். தீவிர முறையில் குணம் விரைவில் தெரிந்தது, அவ்வளவுதான். பெரிய இடைவெளி அந்த இரண்டுக்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான் இருக்கிறது. பலரும் கவுன்சலிங் என்று பெற்றுக்கொண்டிருப்பது அந்த மூன்றாவது வகை. அது வீண் அல்ல, காத்திருப்பதைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் அதில் மீளாத ஒருவர் ‘எனக்குச் சிகிச்சையே பலிக்காது’ என்ற முடிவுக்கு வருவது நியாயமற்றது.

2018இல் ஃபோவா குழுவினர் பணியிலுள்ள படைவீரர்களிடம் செய்த ஆய்வும் இதே திசையில்தான் இருக்கிறது. பத்து அமர்வுகளை இரண்டு வாரத்தில் முடித்தாலும் எட்டு வாரத்தில் பரப்பினாலும், விளைவில் சுருக்கிய முறை பின்தங்கவில்லை. ஆகவே தீவிர முறை ‘அதிக வலிமையுள்ளது’ என்று யாராவது விளம்பரம் செய்தால் சற்று ஒதுங்கியே நில்லுங்கள்.

விளைவு சமம் என்றால் ஏன் மாற வேண்டும் என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில் அதற்கான விடை, அமர்வுகளுக்கு நடுவே வரும் ஆறு நாள்களில் இருக்கிறது. இந்த நோயை உயிரோடு வைத்திருப்பது தவிர்த்தல். சம்பவம் நடந்த சாலையைத் தவிர்ப்போம், அந்தச் சத்தத்தைத் தவிர்ப்போம், நினைவு எழும்போதே வேறொன்றில் புகுந்துகொள்வோம். வார அமர்வில் சிரமப்பட்டு அதைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனால், அடுத்த அமர்வு வருவதற்குள் அது மறுபடி மூடிக்கொள்கிறது. அடுத்த முறை முதல் இருபது நிமிடம் அந்த வாரத்து அலுவலகச் சண்டையும் தூக்கமின்மையும் பேசப்பட்டு, கடைசிப் பத்து நிமிடம் ஆசுவாசப்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டு, நடுவில் மிஞ்சுவதில்தான் வேலை நடக்கும். அதிலும் நான் மிகவும் கெட்டிக்காரனாக இருந்தேன். பேச்சை எந்த இடத்தில் திருப்பினால் அந்த நொடிக்குப் போகாமல் தப்பலாம் என்பது எனக்கு அத்துப்படி. அன்பான ஆலோசகர்களும் நம்மைத் துன்புறுத்த மனமில்லாமல் அதற்கு இடம்கொடுத்துவிடுகிறார்கள்.

தீவிர முறையில் அந்த இடைவெளியே கிடைப்பதில்லை. காலையில் கண்களை மூடி, நடந்ததை நிகழ்காலத்தில் நடப்பதுபோல விவரிக்க வேண்டும்; மிக மோசமான கணத்தில் நிறுத்தி அதையே மீண்டும் சொல்ல வேண்டும். பிற்பகலில் அதே கணத்தை மனத்தில் பிடித்துக்கொண்டு, சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். நெதர்லாந்தில் ஆட் டே யோங், அக்னெஸ் வான் மின்னன் ஆகியோர் வகுத்த எட்டு நாள் திட்டமும் இவ்வாறே காலையில் எதிர்கொள்ளலும் பிற்பகலில் ஈ.எம்.டி.ஆருமாக, நடுநடுவே உடற்பயிற்சியுடன் இரண்டு வாரங்களில் நடக்கிறது. அங்கே ஒரே சிகிச்சையாளர் தொடர்ந்து வராமல் மாறி மாறி வருவார்கள். நான் சென்ற இடத்திலும் அப்படித்தான். முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. முன்பின் தெரியாதவரிடம் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் யாரிடம் எப்படிச் சொன்னால் தப்பலாம் என்ற கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை. எனக்காகச் சிகிச்சையின் கடுமையைக் குறைக்கும் அளவுக்கு எவருக்கும் என்னோடு பழக்கம் ஏற்படவில்லை.

மாலைகளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சரியாகச் சொல்வதில்லை. உடல் அடித்துப்போட்டதுபோல் இருக்கும். முதல் சில நாள்களில் கனவுகள் கூடலாம். அந்த நேரத்தில் ‘இது எனக்கு ஒத்துவரவில்லை’ என்று கிளம்பிவிடத் தோன்றும். மறுநாள் காலையே மீண்டும் அமர்வு இருப்பதுதான் அங்கே காப்பாற்றுகிறது. வார முறையில் அதே மனநிலையோடு ஆறு நாள் தனியாகக் கிடக்க நேர்ந்திருக்கும். அந்த நாள்களில் வேலை, வாகனம் ஓட்டுவது, குழந்தைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்வது எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்த பின்னரும் சில நாள் விடுப்பு வேண்டும். கட்டணத்தைக் கணக்கிடும்போது இந்த இழப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் உடனே செல்லத்தக்க சிகிச்சையும் அல்ல இது. துன்புறுத்துபவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருப்பவர், தற்கொலை எண்ணம் கடுமையாக இருப்பவர், குடியை நிறுத்தினால் உடல் நடுங்கும் நிலையில் இருப்பவர் ஆகியோருக்கு முதல் வேலை பாதுகாப்பும் மருத்துவமும்தான். சம்பவம் நடந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்கும் இது பொருந்தாது. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பி.டி.எஸ்.டி. என்றே கண்டறிவார்கள். தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதைச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், ஏனெனில் சில மாத்திரைகள் எதிர்கொள்ளலின் பலனைக் குறைக்கக்கூடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுவயதில் நீண்ட காலம் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு முதலில் பல மாதம் மனத்தை நிலைப்படுத்திவிட்டுத்தான் நினைவைத் தொட வேண்டும் என்ற கருத்து நெடுநாளாக உண்டு. அந்த நெதர்லாந்து குழு அதை ஏற்கவில்லை. இந்த விவாதம் தீர்ந்துவிடவில்லை என்பதால், அப்படிப்பட்ட வரலாறு உள்ளவர்கள் தங்களை நேரில் மதிப்பிட்டவரின் சொல்லுக்கே முதலிடம் தர வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தச் சிகிச்சையைத் தருகிறீர்கள் என்று பெயரோடு கேளுங்கள். இயற்கைச் சூழல், முழுமையான குணம், ஆழ்மனத் தூய்மை என்றெல்லாம் பதில் வந்தால் அது விடுமுறை முகாம். தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் அறிகுறிகளை அளக்கிறார்களா என்று கேளுங்கள்; பி.சி.எல்.-5 என்ற இருபது கேள்விப் படிவத்தில் 0 முதல் 80 வரை மதிப்பெண் வரும், பத்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். முடிந்த பிறகு தொடர் அமர்வுகள் உண்டா, குணம் தெரியாவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள் என்பவற்றுக்கும் தெளிவான விடை இருக்க வேண்டும்.

இப்போதைய ஆலோசகரை விட்டுவிட வேண்டியதில்லை. விபத்துக்குப் பின் குலைந்துபோன உறவுகள், விட்டுப்போன வேலை, இழந்தவர்களுக்கான துக்கம் ஆகியவற்றுக்கு வார முறைதான் எனக்குப் பொருத்தமாக இருந்தது. தீவிரச் சிகிச்சை முடிந்ததும் நான் என் பழைய ஆலோசகரிடமே திரும்பினேன். நினைவை எடுத்து வேலை செய்யும் பயிற்சி அவருக்கு உண்டா, உண்டென்றால் சில வாரங்களுக்கு வாரம் இரண்டு முறை, தொண்ணூறு நிமிடம் வீதம் வைத்துக்கொள்ள முடியுமா என்று அடுத்த அமர்வின் தொடக்கத்திலேயே கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் அதுவே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். முடியாது என்றால், தீவிரச் சிகிச்சைக்கான பரிந்துரைக் கடிதத்தை அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.